இலவசச் சீட்டின் விலை

சென்ற தவணை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாளன்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலே ஒரு சிறு வகுப்பு நடந்தது. ஆசிரியராக அமர்ந்தவர் கணிதம் கற்பிக்கும் நண்பர். மாணவராக அமர்ந்தவர்கள் நாம் அனைவரும். பாடமோ, செலவின்றிச் சிங்கப்பூர் சென்று வருவது எப்படி என்பது. எந்த வங்கியின் கடனட்டையை எடுத்தால் சேரும்போதே புள்ளிகள் கிடைக்கும், எந்த மாதத்தில் எந்தக் கடையில் வாங்கினாற் புள்ளி இரட்டிக்கும், சேர்ந்த புள்ளிகளை விமானக் கம்பனியின் கணக்குக்கு எப்போது மாற்றினால் ஆதாயம், எஞ்சிய தொகைக்குக் கொழும்பில் எத்தகைய பிரயாண முகவரைப் பிடித்தாற் கணினித் திரையிற் காணும் விலையிலும் குறைவாகச் சீட்டுப் பெறலாம் என்பனவெல்லாம் ஐயந்திரிபற விளக்கப்பெற்றன. கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். "முழுக்காசு கொடுத்து ஏறுகிறவன் மடையன்" என்ற முடிவுரையோடு மணி அடித்தது.

அந்த முடிவுரையே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது. ஏனெனில், அதே வேளையில் நம் மேசையிலிருந்து தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்த சிற்றுண்டிச்சாலை அம்மா, இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் தம் மகனைக் கட்டாருக்குத் தொழிலுக்கு அனுப்பியிருந்தார். தாலிக்கொடியை அடகு வைத்து, நோட்டுக்களாக எண்ணிக் கொடுத்து வாங்கிய சீட்டு அது. அவருக்குப் புள்ளியும் இல்லை, கழிவும் இல்லை. கொடுத்த பணத்தில் விமானக் கட்டணம் எவ்வளவு, முகவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பற்றுச்சீட்டுக்கூட இல்லை. நண்பரின் கணக்கின்படி மடையர் அவர்தான். ஆயின் நம் கணக்கின்படி, நண்பரின் சிங்கப்பூர்ப் பயணத்திற்குக் காசு கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். இதனை நிறுவுவதே நம் நோக்கமாகும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நண்பர் கற்பித்த வித்தை பொய் வித்தையன்று. கடனட்டைப் புள்ளிகளாற் பயணச் செலவு குறைவது உண்மை. நல்ல முகவர் ஒருவர் மொத்தமாகப் பெற்ற சீட்டுக்களைச் சில்லறை விலையிலும் குறைவாகத் தர முடிவதும் உண்மை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிதறிக்கிடக்கும் உறவுகளின் நன்மை தீமைகளுக்குச் சென்று வரவேண்டிய ஒரு சமூகத்திற்கு விமானச் சீட்டு ஆடம்பரப் பொருளன்று. தாயின் இறுதிச் சடங்குக்கு ஓடி வருபவர் மலிவான சீட்டைத் தேடுவதை எவர் குறை கூற முடியும்? சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை. சிக்கனம் என்ற பெயரில் நடைபெறும் ஒரு கைமாற்றத்தையே வினவுகின்றோம். அந்தப் பணம் எவர் கையிலிருந்து புறப்படுகிறது?

இதற்கு விடை காண, இவ்வேற்பாடு வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பல கடைகளிற் செல்லுபடியாகும் அட்டைகளின் முன்னோடியான டைனர்ஸ் கிளப் அட்டை 1950ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே தோன்றியது. அன்று அது கையிற் காசில்லாத வேளைக்கு உதவும் ஒரு வசதி மட்டுமே. 1978இல் ஐக்கிய அமெரிக்காவிலே விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் நிறைவேறியது. போட்டி மூண்டது. பிரயாணியைத் தம்மோடு கட்டிவைக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் பறந்த மைல்களைக் கணக்கிலிட்டு இலவசச் சீட்டு வழங்கும் திட்டத்தை ஆரம்பித்தது. சில நாட்களுக்குள் யுனைற்றெட் எயார்லைன்சும் அதனைப் பின்பற்றியது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியிலே வங்கியும் விமானக் கம்பனியும் கைகோத்தன. பறந்தால் மட்டுமன்றி, அரிசியும் சவர்க்காரமும் வாங்கினாலும் மைல் சேரும் என்ற நிலை தோன்றியது.

இன்று விமானக் கம்பனி புள்ளிகளை வங்கிக்கு விற்கிறது. வங்கி அவற்றைத் தன் அட்டைக்காரருக்குப் 'பரிசு' என்று வழங்குகிறது. இவ்வியாபாரத்தின் பருமனை அறிய ஒரு செய்தி போதும். 2020இல் பெருந்தொற்றினால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைற்றெட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தையே பிணையாக வைத்து 680 கோடி டொலர் திரட்டியது. விமானம் பறக்காதபோதும் புள்ளிக்கு மதிப்பிருந்தது! புள்ளி என்பது கம்பனி தானே வெளியிடும் நாணயம். அதன் மதிப்பைக் குறைக்கும் உரிமையும் கம்பனிக்கே உண்டு. 2015இல் டெல்ரா நிறுவனம், எந்தப் பயணத்திற்கு எத்தனை மைல் என்று வெளிப்படையாகக் காட்டிய அட்டவணையையே எடுத்துவிட்டது. அதன்பின் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. ஆண்டுக்கணக்காகச் சேமித்தவர் கேட்க வழியில்லை.

அவ்வாறாயின் வங்கிக்கு இப்புள்ளிகளை வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வங்கி தரும சத்திரம் நடத்தவில்லை. முதலாவது ஊற்று, கடைக்காரரிடம் அறவிடப்படும் கட்டணம். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நூறு ரூபாப் பொருளை அட்டையால் வாங்கும்போது கடைக்காரர் கைக்கு 98 ரூபா சேர்கிறது என்று வைத்துக்கொள்க. எஞ்சிய 2 ரூபாவை வங்கிகளும் அட்டைக் கம்பனியும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதிலே அரை ரூபாவோ ஒரு ரூபாவோ புள்ளியாகி அட்டைக்காரரிடம் திரும்புகிறது. இழந்த 2 ரூபாவைக் கடைக்காரர் என்ன செய்வார்? அட்டை கொண்டுவருபவரிடம் மட்டும் மேலதிகமாகக் கேட்க, வங்கியுடன் அவர் செய்த உடன்படிக்கை பொதுவாக இடந்தருவதில்லை. ஆகவே இயன்ற மட்டும் எல்லாப் பொருள்களின் விலையிலும் அதனைப் பரப்புகிறார். நோட்டை நீட்டுபவரும் அந்த உயர்ந்த விலையையே கொடுக்கிறார். அவருக்கோ திரும்பி வருவது ஒன்றுமில்லை.

இது நம் கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் மத்திய வங்கிக் கிளையைச் சேர்ந்த பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டிலே ரொக்கத்தைப் பயன்படுத்தும் குடும்பமொன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டொலரை அட்டைக்காரருக்குக் கொடுக்கிறது என்றும், அட்டைக் குடும்பமொன்று 1,133 டொலரைப் பெறுகிறது என்றும் மதிப்பிட்டது. வருமானம் குறைந்தவரே பெரும்பாலும் ரொக்கத்திலும், மிகுந்தவரே பெரும்பாலும் அட்டையிலும் வாழ்கின்றனர் என்பதை நினைவிற் கொண்டால், பணம் எத்திசையிற் பாய்கிறது என்பது விளங்கும். தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாயும் என்பர். இங்கே பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் பாய்கிறது.

இரண்டாவது ஊற்று இன்னும் கொடியது. அது வட்டி. மாத முடிவில் முழுத்தொகையையும் செலுத்துபவருக்கு வட்டியில்லை. செலுத்த இயலாதவரின் கடன் மாதந்தோறும் பெருகுகிறது. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்வாறு கடனிற் சிக்கியோரிடமிருந்து புள்ளி சேர்க்கும் விவேகிகளுக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 கோடி டொலர் கைமாறுகிறது என்று கணித்தது. குறைந்த கல்வியுடையோரிடமிருந்து கூடிய கல்வியுடையோருக்கு இச்செல்வம் செல்கிறது என்பதும் அதன் முடிபுகளுள் ஒன்று. படிப்பித்துப் பிழைக்கும் நமக்கு இந்த வாக்கியம் உறைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் வட்டியின் கதை வேறன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி விதித்திருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. வட்டி ஆண்டுக்கு 30 வீதத்தையும் தாண்டியது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்நாட்களிலே மாதச் சம்பளம் போதாமல் அட்டையிற் சாமான் வாங்கிய எழுதுவினைஞர்களையும் ஆசிரியர்களையும் நாம் அறிவோம். அவர்கள் வாங்கியது சிங்கப்பூர்ச் சீட்டன்று, அரிசியும் மருந்தும். அவர்கள் செலுத்திய வட்டியே அட்டை வியாபாரத்தைத் தாங்கிற்று. அட்டை வியாபாரமே புள்ளிகளைத் தாங்குகிறது.

'இலவசப் பயணம்' என்பது இலங்கைக்குப் புதிய சொல்லன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பெற்ற தொழிலாளரின் கழுத்திலே எண் பொறித்த தகரச் சீட்டொன்று தொங்கியது. அச்சீட்டு இருந்தால் வழியிற் காசு கேட்பாரில்லை. ஆனால் அச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பெற்றது. அங்கிருந்து கங்காணியின் கணக்குக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளியின் தலைக்கும் இறங்கியது. தோட்டம் மாறினாலும் 'துண்டு' என்ற கடிதத்தோடு கடனும் கூடவே சென்றது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. கடனட்டைக்காரரும் தோட்டத் தொழிலாளியும் ஒன்றென நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அத்தொழிலாளரின் துயரை அவமதிப்பதாகும். நாம் காட்ட விழைவது ஒன்றே. வழியில் எவரும் காசு கேட்காத பயணத்திற்கும் எங்கோ ஒரு கணக்கு எழுதப்படுகிறது. அன்று அது பயணம் செய்தவரின் தலையில் எழுதப்பெற்றது. இன்றோ பயணமே செய்யாதவரின் தலையில் எழுதப்படுகிறது.

இனிப் பிரயாண முகவரின் பக்கம் வருவோம். இத்தொழிலின் பிறப்பு இழிவானதன்று. 1841ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி, தோமஸ் குக் என்பவர் லெஸ்ரரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு சிலிங் கட்டணத்திற் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். மதுவொழிப்புக் கூட்டத்திற்குச் சென்ற எளிய மக்கள் அவர்கள். பலர் ஒன்றுசேர்ந்தால் விலை குறையும் என்ற உண்மையே அவரது முதல். அவர் பெயர் தாங்கிய பெருங் கம்பனி கடனிலே மூழ்கி 2019 செப்ரெம்பரில் வீழ்ந்தது.

முகவருக்கு ஊதியம் கொடுத்து வந்தவை நெடுங்காலமாக விமானக் கம்பனிகளே. 1995இல் டெல்ரா நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவிலே அத்தரகுக்கு எல்லை கட்டியது, ஏனையவை பின்தொடர்ந்தன. 2002இல் அடிப்படைத் தரகே அங்கு நிறுத்தப்பட்டது. தரகு சுருங்கிய இடங்களிலெல்லாம் முகவர் தம் ஊதியத்தைப் பிரயாணியிடமே பெறவேண்டியவரானார். அதிலே தவறில்லை. வழி தெரிந்தவர் வழி காட்டக் கூலி கேட்பது நியாயமே. விசா விதிகளை அறிந்து, மாறும் விமானத்திற்கு இடையிலுள்ள நேரத்தைக் கணித்து, பயணம் தடைப்பட்டால் நள்ளிரவிலும் தொலைபேசியை எடுக்கும் முகவர், கணினித் திரை தராத ஒன்றைத் தருகிறார். தவறு எங்குள்ளதெனில், அக்கூலி மறைக்கப்படுவதிலேயே உள்ளது. விலைகளை ஒப்பிடத் தெரிந்த நம்மைப் போன்றோரிடம் முகவர் இறங்கி வருகிறார். ஒப்பிடத் தெரியாதவரிடம், நாளையே புறப்பட்டாக வேண்டியவரிடம், முதன்முறை கட்டுநாயக்கவைக் காணப்போகும் இளைஞனிடம், ஏற்றிக்கொள்கிறார். நமக்குக் கிடைத்த கழிவின் மறுபக்கம் அங்கே இருக்கலாம் என்ற ஐயமாவது நமக்குத் தோன்ற வேண்டாமா?

நமக்கு எதிராக எழும் நியாயங்களை நாம் அறியாமலில்லை. "மாதந்தோறும் முழுத்தொகையும் கட்டிவிடுகிறேன், எவருக்கும் நான் தீங்கு செய்யவில்லை" என்பார் நண்பர். கட்டுகிறார், உண்மை. ஆனால் அவருக்கு வந்த பரிசு, கட்ட இயலாதவர் இருப்பதனாலேயே வந்தது. எல்லோரும் அவரைப் போலானால் அப்பரிசு இந்த அளவில் நிலைக்காது. பிறர் தோற்றால் மட்டுமே நிலைக்கும் வெற்றியைச் சிக்கனம் என்று அழைக்கலாகாது. "ரொக்கத்தை எண்ணவும் காக்கவும் கடைக்காரருக்குச் செலவில்லையா?" என்று வேறொருவர் வினவுவார். உண்டு. அட்டையின் சேவைக்குரிய நியாயமான கூலியை நாம் மறுக்கவில்லை. சேவைக்கூலி வேறு, அதன்மேல் ஏற்றி எடுத்து வசதியுள்ளவருக்குப் பயணமாகப் பகிர்ந்தளிக்கும் தொகை வேறு. "நான் ஒருவன் விலகினால் உலகம் திருந்துமா?" என்பார் இன்னொருவர். திருந்தாது. ஆகவேதான் இதனைத் தனிமனித ஒழுக்கமாக மட்டுமன்றிப் பொதுப் பிரச்சினையாகவும் எழுதுகின்றோம்.

பொதுப் பிரச்சினை என்றோம். 2002ஆம் ஆண்டு ஜேர்மனியிலே, அரச கடமைக்காகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்திய அரசியல்வாதிகளின் செய்தி வெளியாயிற்று. பேர்லினின் பொருளாதாரப் பொறுப்பை வகித்த கிரெகோர் கீசி அக்காரணத்தாற் பதவி விலகினார். சமவுடைமைக் கட்சியின் புகழ்பெற்ற தலைவர் அவர். சிறு தொகைதானே என்று அங்குள்ளோர் சிலர் சிரித்திருக்கவும் கூடும். ஆனால் மக்கள் பணத்தில் விளைந்தது மக்களுக்கே உரியது என்ற நெறி அங்கே மதிக்கப்பட்டது. இதற்குச் சற்று முன்னர், 2001 திசெம்பரில், ஐக்கிய அமெரிக்கா தன் அரச ஊழியர்கள் அத்தகைய மைல்களைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் எனச் சட்டமியற்றியிருந்தது. ஒரே கேள்விக்கு இரு விடைகள். நாம் எந்த விடையின் பக்கம்?

இவ்வினாவை எழுப்பும் தகுதி நமக்கு உண்டா என்று வாசகர் கேட்கலாம். கேட்கட்டும். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவரை மூன்று நாட் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றோம். பெற்றோர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தை ரொக்கமாகவே வாங்கினோம். கசங்கிய நோட்டுக்கள். சில பிள்ளைகள் இரண்டு மூன்று தவணைகளிற் கட்டினார்கள். பஸ்ஸுக்கும் தங்குமிடத்திற்கும் பிரயாண முகவருக்குச் செலுத்தும் வேளை வந்தபோது, அந்த நோட்டுக்களை நம் கணக்கில் இட்டு, நம் சொந்தக் கடனட்டையை நீட்டினோம். சதமேனும் மோசடி இல்லை. கணக்கு அதிபரிடம் முறையாக ஒப்படைக்கப்பெற்றது. புள்ளிகள் மட்டும் நம் பெயரிற் சேர்ந்தன. அவை பின்னர் நம் குடும்பப் பயணம் ஒன்றின் சீட்டிலே கழிக்கப்பெற்றன. அதனைக் கெட்டித்தனம் என்றே நாம் எண்ணினோம். ஓய்வறையிற் பெருமையாகக் கூறியும் இருக்கின்றோம்.

அந்தச் சுற்றுலாவுக்கு வராத மாணவி ஒருத்தி உண்டு. பணம் கட்ட முடியவில்லை என்று அவள் கூறவில்லை. தலையிடி என்று கூறினாள். நாமும் வற்புறுத்தவில்லை. அவளுடைய தோழியரின் பணத்திற் பிறந்த புள்ளிகளின் பெறுமதி, அவள் கட்டவேண்டிய தொகையில் ஒரு பங்கையேனும் தாங்கியிருக்கும். அந்தக் கணக்கை நாம் அன்று போட்டுப் பார்க்கவில்லை. கணித நண்பரின் வகுப்பிலே அமர்ந்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஆகவே இக்கட்டுரை அவருக்கு எதிரானது மட்டுமன்று; நமக்கும் எதிரானது.

என்ன செய்யலாம்? செய்யக்கூடியவை உலகிற் செய்யப்பட்டே இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003 முதல் அட்டைகளின் வங்கியிடைக் கட்டணத்திற்கு எல்லை விதித்தது. புள்ளிகளின் தாராளம் குறைந்தது, அட்டைகள் மறைந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அக்கட்டணத்தைப் பற்றட்டைக்கு 0.2 வீதத்திற்கும் கடனட்டைக்கு 0.3 வீதத்திற்கும் மேற்படாதவாறு சட்டமாக்கியது. இத்தகைய எல்லை இங்கும் வேண்டும். ரொக்கம் கொடுப்பவருக்கு விலை குறைக்கும் சுதந்திரம் கடைக்காரருக்கு உறுதிசெய்யப்பெறல் வேண்டும். பிரயாண முகவர் ஒவ்வொருவரும் கட்டணம், வரி, தம் கூலி ஆகிய மூன்றையும் மூன்று வரிகளாகப் பிரித்தெழுதிய பற்றுச்சீட்டு வழங்குதல் சட்டமாக வேண்டும். தொழிலுக்குச் செல்வோருக்கு அது அவர்தம் தாய்மொழியில் அமைதல் வேண்டும். அரச பணத்திலும் பாடசாலைப் பணத்திலும் சங்கப் பணத்திலும் விளையும் புள்ளி எதுவாயினும் அந்தந்த நிதிக்கே உரியது என்று விதி எழுதப்பெறல் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பாடசாலையிலே அடுத்த சுற்றுலாவின் பணம் பாடசாலைக் கணக்கிலிருந்தே முகவருக்குச் செல்லும் என்று அதிபரிடம் எழுத்திற் கேட்டிருக்கின்றோம். கழித்துக்கொண்ட புள்ளிகளின் பெறுமதியைச் சுற்றுலா நிதியிற் சேர்த்துவிட்டோம். சிறு கடையிற் சாமான் வாங்கும்போது ரொக்கமே கொடுக்கின்றோம். சிற்றுண்டிச்சாலை அம்மாவின் இளைய மகனும் வெளிநாடு செல்ல ஆயத்தமாகிறான். இம்முறை முகவரிடம் அவனோடு நாமும் செல்வதாகவும், பிரித்தெழுதிய பற்றுச்சீட்டின்றிப் பணத்தை எண்ண விடுவதில்லை என்றும் அவரிடம் கூறியிருக்கின்றோம்.

விலைகளை ஒப்பிடவும், விதிகளை வாசிக்கவும், கேள்வி கேட்கவும் நமக்குக் கற்பித்தது இலவசக் கல்வி. அக்கல்விக்கு வரி செலுத்தியவர்களுள் அந்த அம்மாவும் ஒருவர். அவர் தந்த அறிவை அவருடைய கைப்பணத்தைக் குறைக்கப் பயன்படுத்துவதா, அவர் மகனின் சீட்டை நேர்மையான விலைக்குப் பெற்றுக்கொடுக்கப் பயன்படுத்துவதா? ஓய்வறையிற் குறிப்பெடுத்துக்கொண்ட நண்பர்கள் இந்த வினாவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்களாக.